கோப்பியில் பூக் கீறுவது தொழில் இல்லையா?



ஊரில் ஒரு பிள்ளை ஏ.எல். முடித்துவிட்டு கட்டாருக்கு பாரிஸ்டா வேலைக்குப் போகிறான் என்றால் உடனே வருகிற பேச்சு இதுதான்: "கோப்பியில பூக் கீறுறதுக்கா இவ்வளவு காலம் படிச்சான்?" கல்யாண வீட்டிலும் இதே பேச்சு, சலூனிலும் இதே பேச்சு. "மாப்பிள்ளை கோப்பி ஊத்துறவராம்" என்று சம்பந்தம் பேசுகிற இடத்திலும் ஒரு இழிப்பு. பிள்ளைகளைப் படிப்பிக்கிற நாம் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதலில் அந்தப் பூ எப்படி விழுகிறது என்று பாருங்கள். எஸ்பிரசோ மிஷின் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைக் கோப்பித் தூளுக்கூடாகச் செலுத்தும். 25, 30 செக்கனில் கொஞ்சம் கோப்பி இறங்கும், மேலே மண்ணிற நுரை படியும். பாலை நீராவிக் குழாயில் பிடித்து, தொடக்கத்தில் சில செக்கன் மட்டும் காற்றைச் சேர்த்து, பிறகு சுழலவிட வேண்டும். கண்ணுக்குக் குமிழி தெரியக்கூடாது. 60 முதல் 65 பாகை செல்சியசில் நிறுத்த வேண்டும். 70ஐத் தாண்டினால் இனிப்புக் குறைந்து காய்ந்த பால் மணம் வந்துவிடும். உயரத்திலிருந்து ஊற்றினால் பால் நுரைக்குக் கீழே போகும். ஜக்கைக் கோப்பையோடு ஒட்டிப் பிடித்தால் வெள்ளை மேலே நிற்கும். மணிக்கட்டின் அசைவில் இலை விரியும்.

ஆகவே அது வெறும் அலங்காரமல்ல, பால் பதமாக வந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. தூள் மோசமாக இருந்தாலும் பூ விழும், அது உண்மை. ஆனால் பால் பழுதானால் பூ விழாது. நமது தேத்தண்ணிக் கடையில் ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றி நுரை எழுப்பும் நானாவை யாராவது "படம் காட்டுறான்" என்று சொல்கிறோமா? அந்தக் கடையைத்தானே தேடிப் போகிறோம்!

வீண்விரயம் என்கிறார்கள். பூவுக்கென்று பாலோ கோப்பியோ கூடுதலாகப் போவதில்லை. உருவம் கீறலாமா என்று கேட்கிறார்கள். இலையும் பூவும்தான் இதில் அடிப்படை, அவற்றில் உயிருள்ள உருவம் எங்கே இருக்கிறது?

கோப்பி நமக்கு அந்நியமும் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் குடித்தது அது. பெயரே 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1511இல் மக்காவின் ஆளுநர் கைர் பே அதைத் தடைசெய்தார். பிறகு கெய்ரோவிலிருந்து வந்த உத்தரவு அந்தத் தடையைத் தளர்த்தியது. முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், நிலைத்தது கோப்பிதான். இன்று பாலில் வடிவம் ஊற்றுவதற்கு 2005 முதல் உலகப் போட்டியே நடக்கிறது.

இந்த இழிப்பால் நட்டம் யாருக்கு? வெட்கப்பட்டு இங்கே பழகாமல், மிஷினைத் தொட்டே பார்க்காமல் விமானம் ஏறுகிற பிள்ளைக்கு. முதல் நாளே பாலைப் பொங்கவிட்டால் அவனை எங்கே நிறுத்துவார்கள்? கோப்பை கழுவுகிற இடத்தில். அவனை அனுப்புவதற்கு இங்கே உம்மாவின் நகை அடகில் கிடக்கும்.

கடல் கடக்க வேண்டும் என்றும் இல்லை. பருவ காலத்தில் அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருகிற வெளிநாட்டவர் காலையில் தேடுவதும் இதே கோப்பியைத்தான். பொத்துவிலைச் சுற்றியுள்ள நமது பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் தொழில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

பெற்றோரே, முகவருக்குக் காசு கொடுக்க முன்னர் ஒப்பந்தத்தில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஸகாத் நிதியைப் பொறுப்பெடுத்தவர்களே, தையல் மிஷினுக்கு உதவுகிறீர்கள், நல்லது. தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சிக் கட்டணத்தையும் கொடுக்கலாமா என்று உலமாக்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஊரவரே, வாயைக் கொஞ்சம் அடக்குங்கள். தாவூத் நபி (அலை) அவர்கள் தமது கை உழைப்பில் உண்டார்கள், ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதே பிள்ளை கையால் உழைக்கப் போகும்போது தெருவில் நின்று சிரித்தால், அவன் எதை நம்புவான், எங்கள் பாடத்தையா, உங்கள் சிரிப்பையா?

ஹலாலான உழைப்பில் கீழானது என்று ஒன்று கிடையாது. அல்லாஹ் நமது பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக.