சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை

அதிமானுட வீரர்களின் சித்திரக்கதைகளை வெளியிட்ட பிரசுராலயங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவ்வீரர்களின் பராக்கிரமங்களை விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அவர்களை வளர்த்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாராமலே எழுந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள், தாங்கள் கற்பனை செய்த சூப்பர்மேனின் சகல உரிமைகளையும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறு வருஷம் மார்ட்டின் குட்மன் ஆரம்பித்த டைம்லி என்னும் சிறு ஸ்தாபனம், பிற்காலத்தில் மார்வெல் என்ற பெயரால் உலகப் பிரசித்தி பெற்று, 1996இல் கடன்காரர்களுக்கு அஞ்சி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி, கடைசியில் 2009இல் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு டிஸ்னி கம்பனியின் வசமாயிற்று. கட்டடங்களைத் தாண்டிக் குதிக்கும் ஸ்பைடர்மேனைக் கையில் வைத்திருந்தும் கடன்காரனைத் தாண்ட முடியவில்லை. அச்சு யந்திரம், காகிதம், உரிமைப் பத்திரம், வாங்குகிறவன் மடியிலுள்ள சில்லறை ஆகிய நான்குமே இத்தகைய வீரர்களின் ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பது என் அபிப்பிராயம். இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பார்க்கிறவனுக்கு இது இன்னும் துலக்கமாகப் புலப்படும்.

நமக்குச் சமீபத்திலுள்ள திருஷ்டாந்தம் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின், தீப்பெட்டிக்கு ஒட்டும் வர்ணச் சீட்டுகளுக்காக அவ்வூரில் வேரூன்றிய அச்சுத் தொழில், பட்டாசு உறைகளையும் நாட்காட்டிகளையும் அடித்துத் தேர்ச்சி பெற்று, சித்திரக்கதைக்கு வேண்டிய கருவிகளையும் கைத்திறனையும் ஏற்கெனவே சேகரித்து வைத்திருந்தது. அந்த அடித்தளத்தின் மீதுதான் சௌந்தரபாண்டியன் 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ பிரசுரத்தைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் முல்லை தங்கராசன் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்து, ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவின் தூரிகையால் உருப்பெற்ற அந்த லூயி கிராண்டல், விஞ்ஞானக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக உலோகக் கையொன்றைப் பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் தேகம் முழுவதும் மறைந்துபோகும், அந்தக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் அவன் துஷ்டனாகவே திரிந்து, பிறகுதான் நல்வழிக்குத் திரும்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறவியிலேயே உத்தமனாக இருக்கும் வீரனைக் காட்டிலும் இவனிடம் சிறுவர்களுக்கு விசேஷ வாஞ்சை ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாயாவி தமிழ் பேசத் தொடங்கிய அதே 1972இல், எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் வாழ்ந்த தோட்டத்துத் தமிழருடைய நிலை எத்தகையது? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டு, பாக்கி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளப்படும்வரை எந்தக் கணக்கிலும் சேராமல் நின்ற ஜனங்கள் அவர்கள். காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகிப்போய், லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்நியச் செலாவணியைக் காக்கவென்று இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியையும் அன்றைய அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே, சென்னையிலும் மதுரையிலும் பையன்கள் மாயாவியோடு சுற்றித் திரிந்தபோது, 1977க்குப் பின் சந்தை திறக்கும்வரை, நம் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அவன் தரிசனம் கிடைத்திருக்கும்.

அந்தக் கட்டுப்பாட்டால் நன்மை விளையவில்லையா என்றால், விளைந்தது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகள் விலகிய இடத்தில் வீரகேசரிப் பிரசுரம் தழைத்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ போன்ற நாவல்கள் 1973இலிருந்து ஆயிரக்கணக்கான வாசகர்களின் கைகளை அடைந்தன. ஆனால் அதே வேலியின் நிழலில் சிறுவர்க்கான தமிழ்ச் சித்திரக்கதைப் பிரசுரம் ஒன்று நிலைபெறவில்லை. சிங்களத்தில் அதே எழுபதுகளில் ‘சத்துட்ட’ முதலிய சித்திரக்கதைத் தாள்கள் விறுவிறுப்பாக விற்பனையாயின. தமிழில் ஓவியர் இல்லாத குறையா? ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் சுந்தர் படைத்த சவாரித்தம்பர் என்னும் கேலிச்சித்திரப் பாத்திரத்தை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். ஆனால் தம்பர் பெரியவர்களின் பரிகாசத்துக்குரியவர், யாழ்ப்பாணத்தவர். வாரந்தோறும் காசு கொடுத்து வாங்கும் பெருங்கூட்டம் இல்லாமல் சித்திரக்கதை வாழாது. தொகையால் பெரிய தமிழ்க் கூட்டம் தோட்டங்களில் இருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும் தோட்டப் பாடசாலையும், சம்பள நாளிலேயே கடைக்கடனுக்குக் கரைந்துபோகும் கூலியும் அக்கூட்டத்தை வாசகர் தொகையாக மாற விடவில்லை. தடை இடத்தைக் காலி செய்து கொடுத்தது. அதை நிரப்பச் சில்லறை இல்லை.

மாயாவி கடைசியில் வந்து சேர்ந்தபோது, அட்டை கிழிந்து, கைக்குக் கை மாறி, அவிசாவளைப் பழைய புத்தகக் கடைகளின் வழியாகவே பெரும்பாலும் வந்தான். பெரட்டுக்களத்துச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத ஒரு ஜனக்கூட்டத்துக்கு, தேகம் மறைந்து உழைக்கும் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நாயகன் எவ்வளவு பொருத்தமானவன் என்று நம்மைப் போன்ற கட்டுரைக்காரர்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் இறப்பர்ப் பால் வெட்டப் போன தாய்க்கு வாளி கழுவி வைத்துவிட்டு அக்கதையைப் படித்த பையன் அப்படி யோசித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. வாத்தியாரின் பிரம்புக்கு மறையலாம் என்பதே அவனுக்குப் போதுமான தத்துவம்.

சௌந்தரபாண்டியனின் புதல்வர் விஜயன் 1984 ஜூலையில் ‘லயன் காமிக்ஸ்’ பிரசுரத்தைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ வந்ததும் அதே மாதத்தில்தான். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் தமிழர்கள் தாக்கப்பட்டு, அடுத்து 1983ஆம் ஆண்டின் ஜூலைக் கலவரமும் வந்துபோன பின்பு, பல குடும்பங்கள் வடக்கே வவுனியாவுக்கும் கடல்கடந்தும் பெயர்ந்துகொண்டிருந்த வேளை அது. லயன் கொண்டுவந்த ‘ஸ்பைடர்’ என்னும் வீரனைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்க ஸ்பைடர்மேனோடு எந்த உறவும் இல்லாத இந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை இங்கிலாந்துப் பத்திரிகைக்காக எழுதியவர், 130 டொலருக்குச் சூப்பர்மேனைப் பறிகொடுத்த அதே ஜெரி சீகல். அப்பத்திரிகைகள் எழுத்தாளரின் பெயரை அச்சிடுவதில்லை. சூப்பர்மேனின் சிருஷ்டிகர்த்தாவுடைய எழுத்தைத்தான் படிக்கிறோம் என்பதை அறியாமலே தமிழ்ச் சிறுவர்கள் அதைப் படித்தார்கள். அறிந்திருந்தால் அவருக்கு ஒரு சதமேனும் கூடுதலாகக் கிடைத்திருக்குமென்றும் சொல்வதற்கில்லை.

வெள்ளைக்கார வீரர்களைக் கடன்வாங்கியது அடிமை மனோபாவம் என்று கண்டிப்பவர்கள் உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லன். நல்ல தமிழில் விறுவிறுப்பாகச் சொல்லப்பட்ட கதை, அது எந்தத் தேசத்தில் பிறந்ததாயினும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையை வாசகனாக்கிவிடும். இராமாயணமே வடக்கிலிருந்து வந்ததுதானே! என் குறை வேறு. தானே ஓவியனுக்குக் கூலி கொடுத்து வரையச் செய்வதைவிட, ஆயத்தமாகக் கிடைக்கும் அந்நியச் சித்திரத்துக்கு உரிமைத்தொகை செலுத்துவது மலிவாக இருந்தமையால், சிவகாசிப் பிரசுரம் ஐம்பது வருஷங்களாகப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பையே நம்பி நின்றது. வியாபாரத்துக்கு அது நியாயம். ஆயினும் சி.வி. வேலுப்பிள்ளையைப் போன்றவர்கள் எழுத்தில் பிடித்து வைத்த மலையக வாழ்வு சித்திரமாகாமலே கிடக்கிறது.

2012இல் லயன் புத்துயிர் பெற்று, வழவழப்பான தாளும் வர்ணமுமாக, சந்தாதாரரை நம்பி இன்றும் நடக்கிறது. அதை வாங்குபவர் முன்னாள் சிறுவரேயன்றி இந்நாள் சிறுவர் அல்லர்; 2022இல் இலங்கை ரூபாய் வீழ்ந்தபின், தோட்டத்துக் குடும்பம் அந்த விலையை நினைத்தும் பார்க்க முடியாது. பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளைக் கொழும்பிலேயே மலிவுத் தாளில் அச்சிட்டுத் தோட்டப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னால், நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். ஆனால் அனுமதி தரவேண்டியவர் சிவகாசியில் மட்டும் இல்லை. அப்பழைய பிரிட்டிஷ் இதழ்களின் சொத்து 2018இல் ஒக்ஸ்போர்டிலுள்ள ரெபெல்லியன் என்னும் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. இங்கிலாந்துக் கம்பனிகளிடமிருந்து 1975இல் தோட்டங்களை மீட்டுக்கொண்ட நாட்டிலிருந்து, மாயாவிக்காக மறுபடியும் அங்கேதான் விண்ணப்பம் எழுத வேண்டும்.