சீருடையின் மேலே சாதிக் கயிறு

ஆரணிப் பட்டு, அதை நெய்பவன் வீட்டுப் பெண்ணுக்கு எட்டுவதில்லை. இது புதிய செய்தியன்று. கமண்டல நாகநதிக் கரையின் தறிகள் அறிந்த பழைய கணக்கு. நெய்வது ஒருவன், உடுத்துவது வேறொருவன், இடையிலே கொழுப்பது இன்னொருவன்! எனினும் அந்த நெசவாளியின் பிள்ளை காலையில் அரசுப் பள்ளிக்குப் புறப்படும் கோலத்தைப் பாருங்கள். உடலிலே பட்டில்லை, எளிய துணிதான். ஆனால் கடைக்காரர் பிள்ளைக்கும் கூலியாள் பிள்ளைக்கும் சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கும் அதே துணி, அதே வண்ணம்.

ஆடையைக் கொண்டே ஆளை அளந்த நாடு இது. தோளிலே சீலை போட்ட குற்றத்திற்காக நாடார் குலப் பெண்கள் அடிபட்டதும், நெடும் போராட்டத்திற்குப் பின் 1859இல்தான் திருவாங்கூர் மன்னர் அவர்களுக்கு மேலாடை உரிமையை அறிவித்ததும் பழங்கதைகளல்ல. அந்த மண்ணின் அருகிலே, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உடை என்பது சிறிய செயலா? காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, ஊர்மக்களின் நன்கொடையால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை கிடைக்க வழி செய்தார். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது அரசின் இலவசத் திட்டமாயிற்று. 2012-13 முதல் ஆண்டுக்கு 4 இணை. அந்தத் துணியை நெய்வது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் என்பதும் ஆரணி நினைவில் கொள்ளத்தக்கது.

இத்தனை செய்து மறைத்த வேற்றுமையை, ஒரு முழம் கயிறு மீண்டும் வெளியே இழுத்துப் போடுகிறதே!

மணிக்கட்டைக் காட்டு, உன் சாதியைச் சொல்கிறேன் என்னும் இழிநிலை தென்மாவட்டப் பள்ளிகளில் வளர்ந்தது. சிவப்பும் மஞ்சளும் இன்னார் சாதி, பச்சையும் சிவப்பும் இன்னார் சாதி என்று வண்ணக் கணக்கு! 2023 ஆகஸ்டுத் திங்களில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டியவனும் வெட்டுண்டவனும் பகலெல்லாம் அணிந்தது ஒரே சீருடை! அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 சூன் திங்களில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறும் சாதி காட்டும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் கூடா, பள்ளிப் பெயரில் சாதி ஒட்டியிருத்தல் ஆகாது என்றது. உடனே எழுந்தது கூக்குரல், சமயத்திற்கு ஆபத்து என்று!

பக்திக் கயிறாம்! பக்திக்குக் கட்டுவதானால் தெருவுக்குத் தெரு வண்ணம் மாறுவானேன்? ஒரே தெய்வத்தைக் கும்பிடும் இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு நிறம் கட்டுகிறார்கள்? விடை சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை.

பிறநாட்டிலும் இந்தப் பிணக்கு உண்டு. இந்தோனேசியாவில் தொடக்கப்பள்ளிக்குச் சிவப்பும் வெள்ளையும், மேல்நிலைக்குச் சாம்பலும் வெள்ளையும் என நாடு முழுதும் ஒரே உடை. ஆனால் 2021இல் படாங் நகரப் பள்ளியொன்றில் கிறித்துவ மாணவியையும் முக்காடு அணியச் சொன்னார்கள். வற்புறுத்தக் கூடாதென்று 3 அமைச்சர்கள் கூட்டாக ஆணையிட்டனர். அந்த ஆணையை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதே ஆண்டில் நீக்கிற்று. நாமோ கட்டாய முக்காட்டையும் ஏற்கவில்லை. விரும்பி அணியும் முக்காட்டைக் காரணம் காட்டி 2022இல் கருநாடகத்தில் பெண்களைப் பள்ளி வாயிலிலே நிறுத்தியதையும் ஏற்கவில்லை. தலையை மூடுகிற பெண்ணின் துணி தன் சமயத்தைச் சொல்லுகிறது. மணிக்கட்டுக் கயிறோ அடுத்தவன் தாழ்ந்தவன் என்று சொல்லுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையன்று.

மீண்டும் ஆரணிக்கு வருவோம். மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றி எறிந்தால் தீர்ந்ததா? மாலை மணி அடித்ததும் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டும் பிள்ளைக்காகக் குழித்தறியில் இன்னொரு நூல் காத்திருக்கிறது. கோர்வைச் சேலைக்கு இருவர் கை வேண்டும்; ஒருவர் உடலை நெய்ய, மற்றவர் கரைப்பக்கம் நாடா எறிய. பட்டு நெசவு ஊர்களிலே அந்த இரண்டாவது கை நெடுங்காலம் குழந்தையின் கையாகவே இருந்தது. அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை இந்த நாடு எதிர்த்து எழுந்து, 1954இல் குழிதோண்டிப் புதைத்தது. புதைத்த குழியிலிருந்து ஒரு விரல் வெளியே நீள்கிறது! பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஆபத்தான தொழில்களுக்குப் பட்டியல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே இருக்கும் தறிக்குழியில் இறங்கிப் பட்டியலைப் படித்துக் காட்டும் அதிகாரி யார்?

ஆரணித் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. நெசவாளர் தெருதோறும் மாலை நேரப் படிப்பகம் திறவுங்கள். ஒரு திண்ணை, ஒரு விளக்கு, சில நூல்கள் போதும் தொடங்குவதற்கு. பிள்ளை தறிக்கு வராவிட்டால் சேலை முடிய நாளாகுமே, அந்தக் கூலிக்கு யார் பொறுப்பு என்று தகப்பன் கேட்பான். கேட்பது நியாயம். கூட்டுறவுச் சங்கத்தில் அடுத்த முறை கூலி பேசும்போது, அந்தத் தகப்பனின் கேள்வியையே முதல் கேள்வியாக வையுங்கள்.