குச்சிக்கிழங்கு உருண்டைக்கு அப்பன் யார்?

தைவான் தீவில் தைசுங் என்று ஒரு பெரிய நகரம். அங்கே தெருவுக்குத் தெரு ஒரு கடை. கடைக்கு முன்னால் வரிசை. விற்பது தேநீர்தான். ஆனால் நாம் ஆலைவாசலில் குடிக்கிற சூடான தேநீர் அல்ல. வடித்தெடுத்த தேயிலைச் சாற்றில் பாலும் சர்க்கரைப் பாகும் ஐஸ் கட்டியும் போட்டு, மூடிய குவளையில் நுரை பொங்கக் குலுக்கி, கோப்பையின் அடியில் கறுப்பு உருண்டைகள் ஒரு கரண்டி கொட்டி, விரல் பருமனுள்ள குழாயோடு நீட்டுகிறார்கள். "பபிள் டீ" என்று உலகமெங்கும் இதற்குப் பெயர். சென்னைக் கடைத்தெருவுக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கறுப்பு உருண்டை என்ன தெரியுமா, தோழர்களே? சேலத்துக்காரரும் நாமக்கல்காரரும் கேட்டால் சிரிப்பார்கள். குச்சிக்கிழங்கு! ஆம், மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்தெடுத்த மாவைச் சர்க்கரைப் பாகு விட்டு உருட்டியது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசிக்கு உடன்பிறந்த அண்ணன்!

இந்த அண்ணனுக்குத் தகப்பன் யார் என்று தைவானில் பத்து வருஷம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. தைசுங் நகரத்து சுன் ஷுய் டாங் கம்பெனி "நான்தான்" என்றது. தைனான் நகரத்து ஹான்லின் கம்பெனி "இல்லை, நான்தான்" என்றது. ஹான்லின் முதலாளி 1986ல் சந்தையில் விற்ற வெள்ளை உருண்டைகளைப் பார்த்தாராம். வாங்கி வந்து தேநீரில் போட்டாராம். சுன் ஷுய் டாங் கதை வேறு. அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த லின் ஸ்யூ-ஹுய் என்ற பெண்மணி, 1980-களின் கடைசியில் ஒரு நாள், அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, தன்னிடமிருந்த உருண்டை இனிப்பைத் தன் தேநீரில் கொட்டிக் குடித்துப் பார்த்தாராம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

வக்கீல்கள் பத்து வருஷம் பீஸ் வாங்கினார்கள். கடைசியில் 2019ல் நீதிமன்றம் சொன்னது என்ன? இதை யார் வேண்டுமானாலும் கலக்கலாம், எந்தக் கடையும் விற்கலாம், முதலில் செய்தவர் யார் என்ற வாதமே தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பு நியாயமான தீர்ப்பு. தேயிலை யாருடைய கண்டுபிடிப்பு? கிழங்கு உருண்டையை எத்தனையோ காலமாகச் சந்தையில் கூவி விற்ற தெருவோர வியாபாரிகளின் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது? ஊர்ச் சொத்து இரண்டை ஒரு கோப்பையில் ஊற்றிவிட்டு "என் மூளை, என் முயற்சி" என்று முதலாளி மார்தட்டுகிறார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக ஆலாபனை செய்கின்றன. சுன் ஷுய் டாங் சொல்லும் கதையையே எடுத்துக்கொண்டாலும், ஊற்றிய கை முதலாளியின் கை அல்ல, சம்பளக்காரியின் கை!

சரி, யாருக்கும் சொந்தமில்லாத பண்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அதில் வரும் லாபம் மட்டும் எப்படி ஒருவர் பெட்டிக்குள் போய் விழுகிறது?

கோப்பைக் கணக்கு

கடைக்குள் எட்டிப் பாருங்கள். கதவு திறப்பதற்கு வெகு நேரம் முன்பே ஆள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். உருண்டைகளை அரை மணிக்கு மேல் வேகவைத்து, ஊறவைத்து, பாகில் போட வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் அது மென்மை கெட்டு இறுகிவிடும்; கொட்டிவிட்டு மறுபடியும் உலை வைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் ஒருவருக்கு முழுச் சர்க்கரை, ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குச் சர்க்கரையே கூடாது. ஐஸ் கட்டிக்கும் அப்படியே தனிக் கணக்கு. எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்றபடியே குலுக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கினால் அது கோப்பை விலையில் சேராது. வேலை செய்பவர்களில் பலர் படிக்கிற பிள்ளைகள், மணிக்கூலிக்கு வருகிறவர்கள்.

தைவான் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச மணிக்கூலி 2025ல் 190 தைவான் டாலர். ஒரு கோப்பையின் விலை சுமார் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். கூட்டம் உள்ள கடையில் ஒரு ஆள் மணிக்கு முப்பது கோப்பை போட்டால் 1,800 டாலர். தேயிலை, பால், மாவு, வாடகை, மின்சாரம் என்று பாதியைக் கழித்துவிடுங்கள். தாராளமாகவே கழித்துவிட்டோம்! மீதி 900. போட்டவர் கையில் 190. மூன்று கோப்பைக்கும் சற்று அதிகமான காசு; அவர் போட்டதோ முப்பது. நூற்பாலைத் தோழர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

"கடைக்காரரும் கஷ்டப்படுகிறாரே" என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். பல கடைகள் பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையை வாடகைக்கு வாங்கியவை. பலகைக்கு ஒரு கட்டணம். தேயிலை, பொடி, கோப்பை எல்லாம் கம்பெனியிடமே, கம்பெனி சொன்ன விலைக்கு. கடைக்காரர் நெரிக்கப்படுகிறார், அவர் குலுக்குகிற பையனை நெரிக்கிறார்.

இந்தப் பானம் பிறந்த காலத்தையும் பாருங்கள். தைவானில் 1949 முதல் 1987 ஜூலை வரை 38 வருஷம் ராணுவச் சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் குற்றம். 1966ல் காவ்ஷியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்து, இளம் பெண்களைக் குறைந்த கூலிக்கு வரிசையாக உட்காரவைத்து அந்நியச் சந்தைக்குச் சாமான் செய்து அனுப்பினார்கள். நகரங்களில் உட்கார்ந்து குளிர்ந்த தேநீர் குடிக்கக் காசு புழங்கியது அந்தக் கைகளால். "தொழில்முனைவோரின் அற்புதம்" என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

லாபப் பசி அங்கேயும் நிற்கவில்லை. 2011ல் தைவானில் பானங்களில் சேர்க்கும் ஒரு பொருளில், விலை மலிவு என்பதற்காகப் பனை எண்ணெய்க்குப் பதில் பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனத்தைக் கலந்தது அம்பலமாயிற்று. 2013ல் மெல்லும்போது ஜவ்வென்றிருக்க, மாலியிக் அமிலம் சேர்ந்த மாவு பிடிபட்டது. இந்த உருண்டைகளும் அலமாரியிலிருந்து இறங்கின. ஒன்று சொல்ல மறந்தேன். இந்த உருண்டைக்கு "போபா" என்று இன்னொரு பெயர். பெரிய மார்புள்ள பெண்ணைக் குறிக்கும் சீனக் கொச்சைச் சொல் அது. கிழங்கு மாவை விற்பதற்கும் பெண்ணின் உடம்பு வேண்டியிருக்கிறது வியாபாரிக்கு!

கிழங்கு எங்கே விளைகிறது?

தைவான் கடைகளில் வேகிற மாவில் பெரும்பகுதி தைவானில் விளைந்தது அல்ல. தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. தாய்லாந்து விவசாயி கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோனால் எடை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்து நூற்றுக்கு எத்தனை என்று சோதிப்பார்கள். 25 இருந்தால் ஒரு விலை, 30 இருந்தால் ஒரு விலை.

சேலத்துத் தோழர்களே, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? "பாயிண்ட்"! அதே பாயிண்ட்தான். தைசுங் கடையில் வேகிற உருண்டைக்கும் ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் செம்மண் காட்டுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் இந்தத் தராசு இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

சேலத்தில் சேகோ ஆலை வந்தது 1943ல், யுத்தத்தால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்ற சமயத்தில். 1981ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கூட்டுறவு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஜவ்வரிசியும் மாவும் உற்பத்தி செய்கிற ஆலைக்காரர்களின் சங்கம். விலை விழாமல் சரக்கை விற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு கூரை கிடைத்தது. கிழங்கு போட்ட குடியானவருக்கு? பிடுங்கிய கூலியாளுக்கு?

மரவள்ளி பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். நெல்லைப் போலக் குதிரில் போட்டுக் காத்திருக்க முடியாது. ஆலைக்காரருக்கு இது தெரியும். பாயிண்ட் பார்க்கிற கருவி அவருடைய காம்பவுண்டுக்குள். பார்க்கிறவர் அவருடைய ஆள். சொல்கிற எண் அவர் வைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் கிழங்கு அழுகும். இரண்டு பாயிண்ட் குறைத்துச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறார் குடியானவர். அந்தக் குறைவைப் பிடுங்கு கூலியில் இழுத்துப் பிடிக்கிறார். அடி கடைசியில் வந்து விழுவது கொத்து பிடித்த கையில்.

பாயிண்ட் சோதனையை ஆலைக்காரர் கையிலிருந்து எடு! சர்க்கார் ஊழியரை வைத்து, வண்டிக்காரர் கண்முன்னே, ஆலை வாசலுக்கு வெளியே சோதனை செய்! ஒவ்வொரு பருவத்துக்கும் கிழங்குக்குக் குறைந்தபட்ச விலையையும், பிடுங்குகிற ஆளுக்குக் குறைந்தபட்சக் கூலியையும் சேர்த்தே அறிவி! இந்த மூன்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த அறுவடை தொடங்குமுன் கலெக்டர் ஆபீஸ் மேஜையில் வைக்க வேண்டும்.