பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளை?

"விழுப்புரம் மறுபடியும் பின்வரிசையா?" தேர்வு முடிவு வந்தால் கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும்! விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு நடுநிலைப் பள்ளிப் பெஞ்சில் அமர்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதுண்டா அவர்கள்?

2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பார், மாநிலத்திலோ 20. எழுத்தறிவு இங்கே 72 விழுக்காடு, மாநிலத்தில் 80. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போகும் சிறுவன் பாடத்தைத் தவறவிடுவது மூளைக் குறைவாலா, தோழர்களே?

மறுதேர்விலும் தவறினால் எட்டாம் வகுப்பிலேயே நிறுத்தலாம் என்று 2024 டிசம்பரில் விதி திருத்தியது டில்லி சர்க்கார். தமிழ்நாடு ஏற்க மறுத்தது, நல்லது. பெயிலான பணக்காரப் பிள்ளைக்கு டியூஷன். சூளைத் தொழிலாளி மகனுக்குச் சூளை! ஆனால் தடுக்காமல் மேலே அனுப்பினால் மட்டும் போதுமா? சூளையிலிருந்து திரும்பி வருகிறவனுக்கு, விட்டுப்போன மாதங்களின் பாடத்தைத் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். அதைக் கேட்போம், ஊர் ஊராக!