ஆக்கியவரும் அமரட்டும்



காலை உணவு உண்பதை நம் பெரியவர்கள் 'பசியாறுதல்' என்பார்கள். குழம்பை 'ஆணம்' என்பார்கள். அகராதிகளில் இடம்பெற்றுள்ள இப்பழந்தமிழ்ச் சொல் நம் அடுக்களைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. பலர் கூடி உண்ணும் பெரிய தட்டைச் 'சஹன்' என்கிறோம். அது அரபுச் சொல். சஹனில் சோறிட்டு ஆணம் ஊற்றும்போது தமிழும் அரபும் ஒரே தட்டில் கலந்துவிடுகின்றன. நம் மரபின் வரலாற்றை அறிய விரும்புவோர் அடுக்களையையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். மணமான பின்னரும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வதும் அவ்வூரின் வழக்கம். ஆகவே, உம்மாவைப் பெற்ற உம்மம்மாவின் ஆட்சியில்தான் நாங்கள் வளர்ந்தோம். உம்மம்மா, உம்மா, சாச்சி, பிள்ளைகள் ஐவர் என எண்மர் கொண்ட இல்லம் அது. வாப்பா குவைத்தில் பணியாற்றி வந்தார்கள்.

அன்றாட உணவு எளியது. பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு நீர்க்க வைத்த புளியாணம். உடன், மஞ்சளும் மிளகாயும் பூசிப் பொரித்த மீன். பெருநாள் காலையில் இடியப்பமும் வட்டிலப்பமும். முட்டையும் தேங்காய்ப் பாலும் இனிப்பும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பம், கடலுக்கு அக்கரையில் இலங்கை முஸ்லிம்களின் இல்லங்களிலும் பெருநாள் உணவுதான். அங்கே கித்துள் வெல்லம் சேர்ப்பார்கள்.

ஆயினும் பிள்ளைகளாகிய நாங்கள் வாரமெல்லாம் காத்திருந்தது தக்கடிக்காகத்தான். ஊறவைத்த பச்சரிசியை இடித்து, மாவை வறுத்து, துருவிய தேங்காயும் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்து, சுடுநீர் தெளித்துப் பிசைவார் உம்மா. அதைச் சிறு உருண்டைகளாக உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடிக்க வேண்டும். விரல்தடம் அப்படியே பதிந்துவிடும். கொதிக்கின்ற ஆட்டிறைச்சி ஆணத்தில் அவற்றை ஒவ்வொன்றாக இட்டு, கரண்டி போடாமல் மூடி, சிறு தீயில் வேகவிடுவார். அவசரப்பட்டுக் கிளறினால் உருண்டைகள் கரைந்துவிடும். பொறுத்திருந்தால், மாவு ஆணத்தை உறிஞ்சிக் கொள்ளும்; இறைச்சியின் சுவை உருண்டையின் உள்வரை இறங்கும். உருண்டை பிடிக்கும் வேலை பிள்ளைகளுக்கு. சஹனில் தக்கடி வந்து இறங்கியதும், விரல்தடத்தைப் பார்த்து, "இது என் கை, அது உன் கை" என்று அடையாளம் சொல்வோம்.

சஹன் வந்தாலும் உடனே கை வைத்துவிட முடியாது. உம்மம்மாவின் இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. "ஆக்கினவ உட்காராம ஆரும் கை வைக்கக் கூடாது" என்பதே அச்சட்டம். அடுப்பை அணைத்து, கை கழுவி, உம்மா வந்து அமரும் வரை எட்டுப் பேருக்கான உணவு ஆவி பறக்கக் காத்திருக்கும். அவர்கள் அமர்ந்து பிஸ்மி சொன்ன பின்னரே எங்கள் விரல்கள் நகரும்.

இச்சட்டம் பிறந்த காரணத்தை உம்மம்மா ஒரு நாள் சொன்னார்கள். 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. சென்னை மாகாணமெங்கும் அரிசித் தட்டுப்பாடு. பின்னர்ப் பங்கீட்டு முறை வந்தது. அப்போது உம்மம்மா பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவர்களின் தாயார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "நான் பிறகு உண்பேன்" என்று அடுக்களைக்குள் போய்விடுவாராம். ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்த சிறுமி, தாயார் இருட்டில் அமர்ந்து சோறு வடித்த கஞ்சியை மட்டும் குடிப்பதைக் கண்டிருக்கிறாள். அன்றே அந்தப் பிஞ்சு நெஞ்சில் எழுதப்பட்டுவிட்டது அச்சட்டம்.

அதன் அருமை எங்களுக்கு 1990இல் விளங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தது. அங்கிருந்த ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். வாப்பாவும் அவ்வழியே, கையில் ஒரே ஒரு பையுடன் வந்து சேர்ந்தார்கள். உயிரோடு வந்தார்களே, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மாதந்தோறும் வந்த பணம் நின்றுவிட்டது. தக்கடிக்கு ஒரு கிலோ இறைச்சி வாங்கிய வீட்டில் கால் கிலோ வாங்கினோம். பல வாரங்கள் அதுவும் இல்லை.

இத்தகைய காலங்களில் ஒரு குடும்பத்தில் முதலில் குறைவது யாருடைய பங்கு? சகோதரிகளே, நீங்கள் அறிவீர்கள். உம்மாவும், "எனக்குப் பசியில்லை, நீங்கள் உண்ணுங்கள்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் சட்டம் விடவில்லை. வாப்பா ஊரிலிருந்த நாட்களில் உம்மம்மாவும் சாச்சியும் உள்ளறையில் ஒரு சஹனிலும், நாங்கள் கூடத்தில் மற்றொரு சஹனிலும் உண்போம். உள்ளறையிலிருந்து, "அவ உட்கார்ந்தாச்சா?" என்ற குரல் வரும். "இன்னும் இல்லை" என்று நாங்கள் சொன்னால் இரண்டு சஹன்களும் ஆறும். வேறு வழியின்றி உம்மா வந்து அமர்வார்கள்.

சஹனில் உண்போர் தமக்கு முன்னால் இருப்பதையே எடுக்க வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். தமக்கு முன்னால் இருப்பதைப் பிறர் பக்கம் தள்ளிவிடத் தடையில்லையே! வாப்பா இறைச்சித் துண்டை உம்மாவின் பக்கம் ஒதுக்குவார்கள்; உம்மா அதைக் கடைசித் தம்பியின் பக்கம் நகர்த்துவார்கள்; அவன் நிறைந்த வயிற்றோடு வாப்பாவிடமே திருப்பித் தள்ளுவான். ஒரு துண்டு இறைச்சி ஒரு சுற்று வந்துவிடும். அந்நாட்களில் யாரும் பசியோடு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

பிற்காலத்தில் ஹதீஸ் பாடம் பயின்றபோது ஒரு செய்தி என்னை நிறுத்தி வைத்தது. பணியாளர் ஒருவர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால், அதன் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரே ஆதலால், அவரையும் உடன் அமர்த்தி உண்ணச் செய்யுமாறும், உணவு குறைவாயின் ஓரிரு கவளமாவது அவர் கையில் கொடுக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். பணியாளருக்கே இவ்வுரிமை என்றால், நம்மைச் சுமந்து பெற்று, நாள்தோறும் நமக்காக அடுப்பின் முன் நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் எத்துணை உரிமை! மதரஸாவின் வாசலை மிதித்திராத உம்மம்மா இந்த ஹதீஸைப் படித்ததில்லை. ஆனால் அதன்படி வாழ்ந்தார்கள்.

அண்மையில் என்னிடம் பயிலும் மாணவியரிடம், "உம்மா சமைப்பதில் உங்களுக்குப் பிடித்த உணவு எது?" என்று கேட்டேன். வகுப்பறையே பிரியாணியும் புரோட்டாவும் மணக்க விடைகள் குவிந்தன. "உம்மாவுக்குப் பிடித்த உணவு எது?" என்றேன். நாற்பது பிள்ளைகளில் ஆறு பேரே கை தூக்கினார்கள். மறுநாள் கேட்டு வந்து சொல்லச் சொன்னேன். ஒரு மாணவி, "நீங்கள் உண்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று உம்மா சொல்லிவிட்டார்" என்றாள். வகுப்பு சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இன்று நம் இல்லங்களில் அல்லாஹ்வின் அருளால் அரிசிக்குப் பஞ்சமில்லை. எனினும் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு தட்டில், கைப்பேசியைப் பார்த்தபடி உண்கிறோம். ஆக்கியவரோ எல்லோரும் எழுந்தபின், ஆறிய சோற்றுடன் தனியே அமர்கிறார். சஹன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாளுக்கு ஒரு வேளையாவது குடும்பம் ஒன்றாக அமரலாம். அடுக்களை வேலை முடியுமட்டும் பத்து நிமிடம் காத்திருக்கலாம். ஆண்மக்கள் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தால் அது ஐந்து நிமிடமாகும். நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் துணைநின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்களே!

நம் பிள்ளைகளும் ஒரு நாள் தம் இளமைக்கால உணவை நினைத்து நாவூறுவார்கள். அந்நினைவில் உணவோடு, உடனமர்ந்து உண்ட உம்மாவின் முகமும் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உணவிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.