‘அலை’ என்னும் ஈரெழுத்து

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். அப்பெண் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். சித்திரக் கலை பயின்றவள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் புதிதாக எழும் ஒரு சிறு ஓட்டலுக்குச் சின்னமும் பெயர்ப்பலகையும் வரைந்து தரும் பணி அவளுக்குக் கிட்டியிருக்கிறது. தனித்துப் பெற்ற முதற் பணி அது. ஓட்டலின் பெயர் ‘அலை’. உரிமையாளர் விரும்பியதோ கடற்கரைக் கோயிலின் உருவம். அச்சாலையில் சென்று வந்த நேயர்கள், அக்கோயில் ஏறாத பலகை எது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அவள் கொணர்ந்த முதல் ஓவியத்தைக் கண்டு நாம் சற்றே திடுக்கிட்டோம். ‘அளை’ என்று எழுதியிருந்தாள். பள்ளியில் கன்னடம் கற்றவள். தமிழ் அவளுக்குச் செவிவழி வந்த மொழி. அளை என்றால் தயிர். நண்டு வாழும் வளைக்கும் அதுவே பெயர். நண்டு என்று கொண்டால் கடற்கரைக்குப் பொருந்தாததும் அன்று! நாம் நகைத்தோம், தந்தை நகைக்கவில்லை. “பிழை அவளுடையதன்று ஐயா, என்னுடையது” என்றார்.

இரண்டாம் முறை அவள் தனியே வந்தாள். கையில் அவள் பாட்டனார் எழுதிய பழைய அஞ்சலட்டைகள் சில. அவற்றில் ‘லை’ வேறு விதமாக இருந்தது. யானைத் துதிக்கைபோல் முன்னே சுருண்டெழுந்து ‘ல’வைத் தழுவும் அந்த வடிவம் நம்மில் மூத்தோர் கைக்குப் பழகியது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் அச்சிலிருந்து விலகின. அச்சுக்கோப்போர்க்கும் தட்டச்சுக்கும் அதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெண், எழுத்தறியாத கண்ணால் நோக்கியதாலோ என்னவோ, நாம் ஐம்பதாண்டுகளாகக் காணாத ஒன்றைக் கண்டுவிட்டாள். அந்தச் சுழி கரையில் மடியும் அலையேதான். கோயில் வேண்டாம், மீன் வேண்டாம், தென்னையும் வேண்டாம். அவ்வெழுத்தே சின்னம் என்கிறாள்.

உரிமையாளர் தயங்குகிறார். இக்காலத்து இளைஞர் அதைப் படிப்பார்களா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். விரைந்து செல்லும் காரில் இருப்பவர்க்குப் பலகை புரிய வேண்டுமன்றோ?

நாம் அவளுக்கு இலங்கைப் பெந்தோட்டைக் கடற்கரை ஓட்டலைப் பற்றிக் கூறினோம். சென்னைக் கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்த ஜெஃப்ரி பாவா அமைத்து 1969-இல் முடித்த கட்டடம் அது. அதன் வாயில்மண்டபத்து மேற்கூரையை ஏனா டி சில்வா பத்திக் துணிகளால் நிறைத்தார். படியேறி வரும் விருந்தினர் தலைநிமிர்ந்தால் வண்ணமே வானம். ஓட்டலைப் புதுப்பித்து 2019-இல் மீண்டும் திறந்தபோது, அக்கூரையைப் பழைய வடிவிலேயே திரும்ப ஆக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் கைவிட மனம் வராத அடையாளம் அது. அதில் படிப்பதற்கு ஓர் எழுத்தும் வேண்டியதில்லை.

அதைக் கேட்டு அவள் ஒரு வழி கண்டாள். சாலைப் பலகையில் இன்றைய ‘லை’. உள்ளே வரவேற்பறைச் சுவரிலும் அறைச் சாவியிலும் பழைய ‘லை’. இரும்புத் தகடு உப்புக்காற்றில் நில்லாது, தேக்கில் செதுக்கச் சொல் என்று மட்டும் நாம் கூறினோம். உரிமையாளரின் விடை இன்னும் வரவில்லை.

அஞ்சலட்டைகளை நம்மிடமே விட்டுச் சென்றிருக்கிறாள். ஞாயிறுதோறும் வந்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டும்படி கேட்கிறாள். முதல் அட்டையில் பாட்டனார் அரிசி விலையைப் பற்றியே எழுதியிருக்கிறார்.