வேலையும் வேண்டும், காற்றும் வேண்டும்!



திருவொற்றியூரில் டயர். ஒரகடத்தில் டயர். ஸ்ரீபெரும்புதூரில் டயர். தேர்வாய்கண்டிகையில் டயர். சென்னையைச் சுற்றி வளைத்து நிற்கின்றன டயர் ஆலைகள். அவற்றின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாம். அவற்றுக்குள் உழைப்பவர்களும் நாம். நாமே வாய் திறக்காவிட்டால் நமக்காக யார் பேசுவார்?

தேர்வாயை மறந்துவிட்டோமா? கும்மிடிப்பூண்டி பக்கத்தில் தலித் மக்கள் நிறைந்த ஊர். ஆடு மாடு மேய்த்த காடு. விறகு தந்த காடு. ஏரிக்கு நீர் இறக்கிய காடு. 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தூக்கிக் கொடுத்தது அரசு. 2009 நவம்பரில் பிரெஞ்சுக் கம்பெனியான மிச்செலினின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது. ஊர் மறித்தது. சிறைக்குப் போனது. 2012இல் பிரான்ஸ் வரை போய் முறையிட்டது. அன்று நம்மில் எத்தனை பேர் அந்த ஊரோடு நின்றோம்? காடு போனது. ஆலை எழுந்தது. நம் மௌனத்துக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

இன்னும் எத்தனை ஊர் விலை கொடுக்க வேண்டும்?

டயர் எதிலிருந்து வருகிறது, தோழரே? செயற்கை ரப்பர் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. டயரைக் கறுப்பாக்கி வலுவேற்றும் கார்பன் பிளாக், கன எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுத்த கரித்தூள். மரத்து ரப்பருக்கோ காடுகளை அழிக்கிறார்கள். உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கை டயர்தான் விழுங்குகிறது. 1993க்குப் பிறகு ரப்பர் தோட்டங்களுக்காகத் தென்கிழக்கு ஆசியா இழந்த காடு 40 லட்சம் ஹெக்டேருக்கும் மேல்!

ஆலைக்குள் மிக்சிங்கில் தூள் பறக்கிறது. கந்தகம் சேர்த்த ரப்பரை அச்சில் வேகவைக்கும்போது புகை கிளம்புகிறது. அந்தக் காற்றை முதலில் குடிப்பவர் யார்? ஷிஃப்டில் நிற்கும் நம் தோழர். ரப்பர் உற்பத்தித் தொழிலில் வேலை செய்வதே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் பட்டியலிட்டிருக்கிறது. ரத்தப் புற்று. சிறுநீர்ப்பைப் புற்று. நுரையீரல் புற்று. ஊரறிய அச்சிட்ட உண்மை இது. உங்கள் ஷெட்டின் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? கேளுங்கள்!

டயரில் வெடிப்பு விழாமல் இருக்க ஆலையில் 6பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். டயர் தேயத் தேய அது சாலையில் இறங்குகிறது. ஓசோன் பட்டு வேறொரு நஞ்சாகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மழைநீரோடு ஓடைக்குள் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது அந்த நஞ்சுதான் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அதே 2020இல்தான் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் அது. அந்த நீரில் இந்த நஞ்சைச் சோதித்தீர்களா என்று நாம் கேட்டோமா? கேளுங்கள்!

மிரட்டுவார்கள். "மாசு என்று பேசினால் கம்பெனி போய்விடும், வேலை போய்விடும்" என்பார்கள். நிரந்தரத் தொழிலாளியிடம் சொல்வார்கள். கான்ட்ராக்ட் தம்பியிடம் இன்னும் உரக்கச் சொல்வார்கள். நம்பாதீர்கள்! தூளை உறிஞ்சும் எந்திரம் வைத்தால் வேலை போகாது. புகைபோக்கி அளவை ஊருக்குச் சொன்னால் வேலை போகாது. நுரையீரல் போனால்தான் வேலை போகும். ஊரையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துவது அவர்களின் தந்திரம். ஒரே வரிசையில் நிற்பது நம் பலம்.

தோழர்களே, மே 1 வருகிறது. தொழிலாளர் தினம். கிராம சபை கூடும் தினமும் அதுவே. அதற்கு இன்றே தொடங்குவோம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் போதும். ஆலைக்குக் கொடுத்த இசைவாணையைக் கேளுங்கள். அதன் நிபந்தனைகளைக் கேளுங்கள். புகைபோக்கி அளவீட்டைக் கேளுங்கள். கழிவுநீர் அறிக்கையைக் கேளுங்கள். பதில் வந்தால் டீக்கடையில் படித்துக் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஆலைத் தோழரே, சங்கக் கூட்டத்தில் மருத்துவப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்தே கேளுங்கள். ஊர்த் தோழரே, கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். காற்றையும் நீரையும் சோதிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை உட்காராதீர்கள்!

தேர்வாய் தனியாக நின்றது. இனி எந்த ஊரும் தனியாக நிற்கக் கூடாது. மே 1 அன்று கிராம சபைக்குச் சீருடையோடு வாருங்கள். பிள்ளைகளோடு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். எழுந்து நின்று கேளுங்கள்: வேலையும் வேண்டும், காற்றும் வேண்டும்!